பாவன்னா, டானா, இம்மன்னா... பால்!

தீபாவளிக்கு மறுநாள். பெஸ்தாரி ஜெயாவில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து மிச்சமிருந்த முறுக்கைக் காலி செய்துகொண்டிருந்தேன். உள்ளே அக்கா மகன் பாட்டிக்குப் பாடநூல் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பாவன்னா... டானா... இம்மன்னா..."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பால்!"

புத்தகத்தில் இருந்தது 'பாடம்'.

அவனுக்கு எட்டு வயது. இரண்டாம் ஆண்டு முடிய இன்னும் சில வாரங்கள்தான். அறிவில் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவின் லோரியில் எந்த டயர் தேய்ந்திருக்கிறது, எந்த ஆலையில் எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கதை சொல்லச் சொன்னால் நிறுத்தவே மாட்டான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுவான்.

அன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "இவன தேசியப் பள்ளிக்கு மாத்திரலாமான்னு பாக்குறோம். மூணு மொழி இவன் தலையில ஏறல. ஒன்ன விட்டா மத்தது ரெண்டாவது தேறும்."

அந்த 'ஒன்னு' எது என்று நான் கேட்கவில்லை. தமிழை வாசித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் வீட்டுப் பிள்ளை தமிழ் வாசிக்க வராததால் தமிழை விடப் போகிறான். அன்று தூக்கம் வரவில்லை.

'பாவன்னா, டானா, இம்மன்னா' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதில் 'பாடம்' எங்காவது கேட்கிறதா? அவை எழுத்துகளின் பெயர்கள். அவன் முதல் பெயரிலிருந்து 'பா'வை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் தெரிந்த ஒரு சொல்லை ஊகித்தான். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பலரும் செய்வது இதுதான். முதல் எழுத்தைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு ஒரு சொல்லை வீசிப் பார்ப்பார்கள்.

அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தது என் அம்மா. அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனா, ஆவன்னா, கானா, காவன்னா என்பது திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து வரும் முறை. அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை அதில்தான் படித்தார். பிறகு பால் மரம் சீவப் போனார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லா இடத்துக்கும் வரவில்லை. கிராணியோ கங்காணியோ சொல்லிக்கொடுத்த பள்ளிகளும் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. அந்த மண்ணில் நூறாண்டு கழித்து ஒரு பிள்ளை 'பாடம்' என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். வரலாறு பேசி அவனை வாசிக்க வைக்க முடியாது. அதனால் எழுத்துக்கே திரும்புகிறேன்.

பெயரை விடுங்கள், ஒலியைப் பிடியுங்கள்

ஃபோனிக்ஸ் என்றால் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2011இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தபோது ஆங்கிலப் பாடத்தில் அது நுழைந்ததால் அந்த எண்ணம். எழுத்தைக் கண்டால் அதன் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்வது, ஒலிகளை ஒட்டிச் சொல்லாக்குவது, அவ்வளவுதான் விஷயம். தமிழுக்கு அது ஆங்கிலத்தைவிட நன்றாகவே பொருந்தும். 'பா' என்ற எழுத்தின் ஒலி 'பா'தான். அதைப் 'பாவன்னா' ஆக்கியது நாம்.

அதற்கும் முன்னால் காது தயாராக வேண்டும். காரில் போகும்போது நானும் அவனும் ஒரு விளையாட்டு ஆடினோம். புத்தகமே வேண்டாம். "பாட்டியில 'பா'வ எடுத்துட்டு 'மா' போடு." "மாட்டி!" "இப்ப 'மா'வ எடுத்துட்டு 'சு' போடு." "சுட்டி!" ஈஜோக் வருவதற்குள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சொல் என்பது கழற்றி மாட்டக்கூடிய துண்டுகளால் ஆனது என்பது காதுக்குப் புரிந்துவிட்டால், கண்ணுக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்ததாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். 216 உயிர்மெய் எழுத்துகளையும் அவன் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்ய முயன்றிருக்கிறான். 'பா' தெரியும், 'மா' தெரியும், 'ஞா' தெரியாது. ஒரே கால்தான் எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அல்லது சொன்னது அவன் காதில் ஏறவில்லை. 247 என்ற எண்ணைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். 12 உயிர், 18 மெய், கூடக் கொஞ்சம் குறியீடுகள். ப, ட, ம என்ற மூன்றோடு அ, ஆ, இ ஒலிகளைச் சேர்த்தாலே படம், பட்டம், படி, பாட்டி, மடி, மாடி, மாமா, பாப்பா என்று ஒரு வீடே வந்துவிடுகிறது. அந்த மூன்றும் பெரும்பாலும் நேர்கோட்டு எழுத்துகள், எழுதவும் சுலபம்.

சிக்கலான இடங்களும் இருக்கின்றன. 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டும் சேர்ந்து எழுத்துக்குப் பிறகு வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண் அங்கே தடுமாறத்தான் செய்யும். உகரக் குறியும் கு, சு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். இவற்றுக்கு நாள் அதிகம் கொடுக்க வேண்டும். சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடம் படிக்கும் பிள்ளைகளைக் கவனித்து 2007இல் எழுதிய கட்டுரையில், இந்த மாதிரி உயிர்மெய் எழுத்து முறையை முழுதாகப் பிடிக்க மூன்றாம் நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்கிறார். அதைப் படித்ததும் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். இரண்டாம் ஆண்டில் தடுமாறுகிறவன் மக்கு இல்லை.

ஒரு தமாஷ். அவன் ஊர்ப் பெயரை அவனால் எழுத முடியவில்லை என்று ஒருநாள் அழுதான். 'பெஸ்தாரி ஜெயா'வில் வரும் 'ஸ்', 'ஜெ' இரண்டும் அந்த 247க்குள் இல்லை! பழைய பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்தாலும் 'ஜு' வந்து நின்றிருக்கும். நம் பிள்ளைகளுக்குக் கிரந்த எழுத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவது சரிப்படாது.

சி, ஏ, டி என்றால் பூனையா, சாயமா?

அக்கா சொன்ன 'மூணு மொழி'யில் நியாயம் இருக்கிறது. சி, ஏ, டி என்ற மூன்று எழுத்தையும் அவனிடம் காட்டினேன். "சாட்," என்றான். ஆங்கிலப் பாடத்தில் அது தப்பு, அங்கே அது 'கேட்', பூனை. மலாய்ப் பாடத்தில் அதுவே சரி, 'சாட்' என்றால் சுவருக்கு அடிக்கும் சாயம். ஏ, ஐ, ஆர் என்ற மூன்றும் மலாயில் 'ஆயேர்', தண்ணீர். ஆங்கிலத்தில் 'ஏர்', காற்று. ஒரே காலையில், ஒரே மேசையில், ஒரே எழுத்துகளுக்கு இரண்டு விதிகள். பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

மலாயில் எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம், பா, பி, பு என்று அசை அசையாகப் போகலாம். 'இ' எழுத்து மட்டும் இரண்டு விதமாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. தமிழில் வேறு ஒரு கணக்கு. 'பக்கம்', 'பகல்', 'பங்கு' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆனால் தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்த விதியைச் சொல்லித்தரவே வேண்டாம். சொல் எதுவென்று தெரிந்ததும் நாக்கு தானே திருத்திக்கொள்ளும். தோட்டப்புறப் பிள்ளைகளிடம் இருக்கும் பெரிய முதல் இதுதான். காலை முதல் இரவு வரை தமிழ் கேட்டே வளர்கிறார்கள். அந்தக் காது ஏற்கெனவே படித்துவிட்டது, கண்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் மூன்றில் ஒன்றை விட வேண்டுமென்றால் தமிழை விடுவது தலைகீழ்க் கணக்கு என்று அக்காவிடம் சொன்னேன். வாசிப்பு என்ற வேலையை அவன் முதலில் தனக்குத் தெரிந்த மொழியில் கற்கட்டும். "பாப்போம்," என்றாள். அவள் 'பாப்போம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம்.

நிறுத்தற்கடிகாரம்

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அவன் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து, திருத்துவதாக நினைத்துக்கொண்டு அவனுக்கே போட்டுக் காட்டினேன். ஸ்டூடியோ பழக்கம். அவன் தன் குரலைக் கேட்டான், என் முகத்தைப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அக்கா செய்தது வேறு. மூன்று மாதத்தில் வாசிப்பு என்று விளம்பரம் செய்த ஒரு மையத்தில் சேர்த்தாள். அங்கே நிறுத்தற்கடிகாரம் வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணினார்கள். எண்ணிக்கை ஏறியது. ஒருநாள் என் முன்னால் ஒரு பத்தியை விழுந்தடித்துக்கொண்டு வாசித்து முடித்தான். "யாருடா காணாமப் போனது, ஆடா, மாடா?" என்றேன். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க, சின்னம்மா," என்றான்.

வேகம் வேறு, சரளம் வேறு. நம் தமிழ்மொழிப் பாடத்திட்டமே வேகம் என்று மட்டும் சொல்லவில்லை. சரியான வேகம், தொனி, உச்சரிப்பு ஆகியவற்றோடு நிறுத்தக்குறிகளுக்கேற்ப வாசிக்க வேண்டும் என்கிறது. அதில் 'சரியான' என்ற சொல்லைத்தான் அந்த மையம் விட்டுவிட்டது. வேகம் எதற்குத் தேவை? மனத்தின் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்தைக் கூட்டுவதிலேயே அது தீர்ந்துவிட்டால் பொருளுக்கு மிச்சமிருக்காது. வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்திருக்கும். 1974இல் லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கியது இதைத்தான். எழுத்தைக் கூட்டுவது யோசிக்காமல் நடக்கும் அளவுக்குப் பழகினால்தான் யோசனை கதைக்குப் போகும். கதைக்குப் போகாத வேகத்தை வைத்து என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டூடியோவில் நான் என்ன செய்கிறேன்? எந்தப் பிரதியையும் முதல் பார்வையில் நேரலையில் வாசிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு 'மருந்தெண்ணெய்' விளம்பரத்தை 'மறந்தெண்ணெய்' என்று வாசித்து, வாரக்கணக்கில் கேலிக்கு ஆளானேன். அன்றிலிருந்து பென்சில் இல்லாமல் உட்கார்ந்ததில்லை. மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு, வாக்கியம் முடிந்தால் இரண்டு. வாய்விட்டு மூன்று முறையாவது வாசித்த பிறகே ஒலிவாங்கியைத் திறப்பேன். பட்டம் படித்து, பத்து ஆண்டு அனுபவமும் உள்ள எனக்கு மூன்று ஒத்திகை. எட்டு வயதுப் பிள்ளைக்கு? "எழுந்து நில், 42ஆம் பக்கம், வாசி." முன்பின் பார்க்காத பத்தி, ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க.

திரும்பத் திரும்ப வாசிப்பதை ஒரு முறையாக வகுத்தவரும் அதே சாமுவேல்ஸ்தான், 1979இல். சிறிய பத்தி, அதையே சரளம் வரும்வரை பல முறை, பிறகு அடுத்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டு, திருத்தி, வாய்விட்டு வாசிக்க வைப்பது சரளத்துக்கு உதவுகிறது என்று முடிவு சொன்னது. சும்மா புத்தகத்தைக் கையில் கொடுத்து "போய்ப் படி" என்பதற்கு அந்த அளவு ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு நானே எழுதினேன். முதல் பத்தி இது:

சாயங்காலம் / அப்பாவின் லோரி வந்தது. // லோரி நிறைய / செம்பனைக் குலை. // ஒரு குலை / உருண்டு விழுந்தது. // தம்பி ஓடினான். // "தொடாதே, / முள் குத்தும்!" / என்றார் அப்பா. //

இருபது சொற்கூட இல்லை. நான் முதலில் வாசித்தேன், அவன் விரலால் தொடர்ந்தான். பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. முதல் நாள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் கோலாலம்பூர் திரும்பிய பிறகு தினமும் இரவு வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பினான். நான்காம் நாள் இருபது விநாடி. அதைவிட முக்கியம், 'தொடாதே' என்ற இடத்தில் அவன் அப்பாவைப் போலவே அதட்டினான். கதைக்குள் போய்விட்டான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்தத் தடவை அவன் குரலை நான் போட்டுக் காட்டவில்லை. அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

நீளமான சொற்களில்தான் அதிக நாள் போனது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதில் 13 எழுத்துகள். பேச்சில் அவன் 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று ஒரே மூச்சில் சொல்வான். ஆனால் தாளில் இருப்பது அதே சொல்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை, 13 அந்நியர்களைப் பார்த்ததுபோல் விழித்தான். முதலில் பேச்சில் சொல்ல வைத்து, பக்கத்திலேயே எழுத்துநடையை எழுதி, வந்து, கொண்டிரு, கிறார்கள் என்று துண்டு துண்டாக நிறம் தீட்டினோம். 'கிறார்கள்' என்ற வாலை ஒருமுறை அடையாளம் கண்டவன், ஓடுகிறார்கள், வெட்டுகிறார்கள், ஏற்றுகிறார்கள் எல்லாவற்றிலும் அதைத் தேடிப் பிடித்தான். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் பேசுவதே இல்லை.

இடையில் கண்ணையும் காதையும் ஒருமுறை கிளினிக் கெசிஹாத்தானில் பார்த்துக்கொண்டோம். இரண்டும் நன்றாக இருந்தன. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பல மாதம் உட்கார்ந்து உழைத்தும் ஓர் அசைவும் இல்லையென்றால், ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் டிஸ்லெக்சியா பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். அது சோம்பலும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை.

அவனுடைய வகுப்பாசிரியரையும் போய்ப் பார்த்தேன். வாசிக்கத் தெரிந்தே வருகிற பிள்ளையும், பாலர் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளையும் ஒரே வகுப்பில். மூன்று மொழிக்கும் பாட நேரம் எண்ணி வைத்ததுதான். "ஒவ்வொரு புள்ளைக்கும் பத்து நிமிஷம் தனியா கெடச்சாலே போதும், ஆனா அந்தப் பத்து நிமிஷத்துக்கு எங்கம்மா போறது?" என்றார். ஒரு நல்ல காரியம் செய்தார். மறுநாள் வகுப்பில் வாசிக்கப்போகும் பத்தியை முந்தின நாளே அவனிடம் சொல்லி அனுப்ப ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான், வேறெதையும் மாற்றவில்லை. முதல்முறை அவன் எழுந்து தடங்காமல் வாசித்த அன்று, பக்கத்தில் இருந்த பையன் கை தட்டினானாம்.

அக்காவும் மாமாவும் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார ஆள் அம்மாதான். அம்மாவிடம் 'பாவன்னா'வை விடச் சொல்வது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் சாதாரணமாக, "நீ சொல்ற மாதிரியே சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் விரலுக்குப் பின்னால் தன் விரலையும் நகர்த்துகிறார். சில சொற்களில் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள், சேர்ந்து கடக்கிறார்கள்.

இப்போது மூன்றாம் ஆண்டு. பெரிய பாய்ச்சல் ஒன்றும் இல்லை. வகுப்புசார் மதிப்பீட்டில் தமிழ் வாசிப்பு அடைவுநிலை 2இலிருந்து 3க்கு வந்திருக்கிறது. மலாய் வாசிப்பு, நான் தனியாக எதுவும் செய்யாமலே, கொஞ்சம் சீர்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பூனை இன்னும் 'சாட்'தான், அதற்கு இனிமேல்தான் உட்கார வேண்டும். பள்ளி மாற்றும் பேச்சை அக்கா எடுப்பதில்லை. விட்டுவிட்டாளா, தள்ளி வைத்திருக்கிறாளா தெரியாது. நானும் கேட்கவில்லை.

பத்திகள் நீண்டுகொண்டே போகின்றன. கம்போங் குவாந்தானில் படகில் போய் மின்மினி பார்த்ததை அவனே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இருட்டு, பெரெம்பாங் மரம், 'துடுப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது' என்ற படகோட்டியின் எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. சாய்கோடுகளை அவனே போட்டான். இரண்டு இடத்தில் நான் போட்டிருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்தது.

போன வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. வாசிப்பு என்று நினைத்துத் திறந்தேன்.

"சின்னம்மா, நேத்து காலையில ரேடியோவுல நீங்க ஒரு எடத்துல கோடு போட மறந்துட்டீங்க."

எந்த இடம் என்று திருப்பிக் கேட்டேன். சரியாகத்தான் சொன்னான்.